லைட்ஹவுஸ் 100 காட்டின சைட்ல ஒரு புத்தகத்தை முன்பதிவு பண்ண வச்ச கதை

நான் பராமரிக்கற ஒரு சின்ன நூலக சைட்லயும் அதோட ஆப்லயும் ஒரு வேலை இப்போ முழுசா நடக்குது. ஸ்க்ரீனைப் பார்க்காம, மவுஸைத் தொடாம, காதால கேட்டுக்கிட்டே ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்து முன்பதிவு பண்ணி முடிச்சிரலாம். இதுல என்ன பெரிய விஷயம்னு தோணும். ஆனா இந்த சைட் ஏற்கனவே லைட்ஹவுஸ்ல (சைட்டைத் தானா சோதிச்சு மார்க் போடற கூகுள் டூல்) அணுகல்தன்மைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடியுதாங்கறதுக்கு, 100க்கு 100 வாங்கின சைட், அந்த 100 பச்சையா மின்னிக்கிட்டு இருக்கும்போதே பார்வை இல்லாத ஒரு வாசகரால தேதியைத் தேர்வு செய்யற இடத்தைத் தாண்டவே முடியல. அவர் என்விடிஏவை (ஸ்க்ரீன்ல இருக்கறதைக் குரலாப் படிக்கற ஸ்க்ரீன் ரீடர்) வருஷக்கணக்கா ஓட்டறவர், கீபோர்டுல என்னைவிட வேகம், அதனால அவருக்குப் பழக்கமில்லைன்னு சொல்லித் தப்பிக்கவும் வழியில்ல.

முதல்ல டூல்ஸ் சொல்லிடறேன். கம்ப்யூட்டர்ல என்விடிஏ, இலவசம், ஓப்பன் சோர்ஸ், 2006ல ஆரம்பிச்சது. தமிழ்க் குரலுக்கு அதோடவே வர்ற ஈஸ்பீக், கொஞ்சம் தகர டப்பா மாதிரி ஒலிக்கும், ஆனா எவ்வளவு வேகம் வச்சாலும் உளறாது, அதனாலதான் பழகினவங்க அதையே வச்சுக்கறாங்க. ஃபோன்ல ஆண்ட்ராய்டோட ஸ்க்ரீன் ரீடரான டாக்பேக், கூடவே ஆப்ல இருக்கற குறையைக் காட்டற அக்சசிபிலிட்டி ஸ்கேனர். பிரவுசர்ல, அணுகல்தன்மைத் தப்பைத் தானாத் தேடற ஆக்ஸ் எக்ஸ்டென்ஷனோட இலவச வெர்ஷன். பணம்னு பார்த்தா செலவே இல்ல, நேரம்தான் போச்சு, அதுலயும் பாதி பழைய டேட்டாவுக்கும் கடைசில தூக்கிப் போட்ட ஒரு காலண்டருக்கும் போச்சு. என்விடிஏ செட்டிங்ஸ்ல ஸ்க்ரீன் கர்டன்னு ஒண்ணு இருக்கு, போட்டா ஸ்க்ரீன் முழுக்கக் கருப்பாயிடும். அதைப் போடாம டெஸ்ட் பண்றது வீண், கண்ணு தானா எட்டிப் பார்த்துடும். பேச்சை எழுத்தாக் காட்டற ஸ்பீச் வியூவர் தனியா இருக்கு, குரல் பழகற வரைக்கும் அது உதவும்.

தப்புகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொண்ணா அடிக்கற முறையை இந்தத் தடவை விட்டுட்டேன். அந்த முறைலதான் 100 வந்துச்சு. அதுக்குப் பதிலா ஒரே ஒரு வேலை, தேடறதுல தொடங்கி உறுதிச் செய்தி வர்ற வரைக்கும், எங்க முட்டுதோ அங்க நின்னு சரி பண்ணிட்டு மறுபடி முதல்லேர்ந்து.

முட்டினது முதல் வரிலயே. பக்கம் தமிழ்ல இருக்கு, ஆனா டெம்ப்ளேட்டோட மேல மொழி (எச்டிஎம்எல்ல லாங்) ஆங்கிலம்னு போட்டிருக்கு, ஏன்னா எல்லா டெம்ப்ளேட்டும் அப்படித்தான் வரும். என்விடிஏ அந்த லாங் மதிப்பை நம்பி ஆங்கிலக் குரலைக் கூப்பிடும், அந்தக் குரல் தமிழைப் பார்த்து முழிக்கும். குரலைப் பொறுத்து ஒண்ணு சத்தமே போடாம தாண்டிடும், இன்னொண்ணு எழுத்து எழுத்தா உடைக்கும். லைட்ஹவுஸ் இதை ஏன் பிடிக்கலன்னா, லாங் இருக்கா, இருக்கறது செல்லுபடியாகற குறியீடா, அவ்வளவுதான் அது பார்க்கும், பக்கத்துல இருக்கற எழுத்து அந்த மொழிதானான்னு பார்க்காது. ஒரே ஒரு வார்த்தையை மாத்தினேன், சைட் மொத்தமும் பேச ஆரம்பிச்சிருச்சு. இந்த முழு வேலைலயும் குறைஞ்ச உழைப்புக்கு அதிகப் பலன் கொடுத்தது இதுதான்.

அந்த உற்சாகத்துல அடுத்த படி தப்பாப் போச்சு. தமிழ்ப் பக்கத்துல அங்கங்க ஆங்கில எழுத்துல வர்ற ஒவ்வொரு வார்த்தைக்கும் தனியா ஆங்கிலம்னு ஸ்பான் டேக் போட்டு மார்க் பண்ணினேன். கேட்டா ஒரு வாக்கியத்துக்குள்ள மூணு தடவை குரல் மாறுது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சின்ன நிறுத்தம், யாரோ ரெண்டு பேர் மைக்குக்குச் சண்டை போடற மாதிரி. டபிள்யூசிஏஜிலயே (இணைய அணுகல்தன்மைக்கான சர்வதேச விதித்தொகுப்பு) பேர்ச்சொல், தொழில்நுட்பச் சொல், அந்த மொழில கலந்துபோன சொல் இதுக்கெல்லாம் மார்க் பண்ண வேண்டியதில்லன்னு விலக்கு இருக்கு. எல்லாத்தையும் எடுத்துட்டு முழு வாக்கியமோ பத்தியோ ஆங்கிலத்துல வர்ற இடத்துல மட்டும் விட்டேன்.

அடுத்தது யாருமே எதிர்பார்க்காத இடம், புத்தகக் குறிப்புகள். புதுசா ஏத்தினது எல்லாம் அழகாப் படிக்குது, பழைய குறிப்புக்குப் போனா "எம் கே செமிகோலன் கே எச்"னு ஏதோ ரகசியக் குறியீடு மாதிரி வாசிக்குது. ஸ்க்ரீன்ல பார்த்தா அங்க தெளிவா "அம்மா"ன்னு இருக்கு. பாமினி, அதாவது யூனிகோடுக்கு முந்தின தமிழ் எழுத்துரு. டிடிபி காலத்துல அடிச்சதை அப்படியே ஒட்டி, அந்த எழுத்துருவை சிஎஸ்எஸ்ல ஏத்தி வச்சிருக்காங்க, கண்ணுக்குத் தமிழ், உள்ள இருக்கறதெல்லாம் ஆங்கில எழுத்து. கன்வெர்ட்டர் இருக்கு, மாத்தறது கஷ்டமில்ல, எந்த ரெக்கார்டை மாத்தணும்னு கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம், ஏன்னா நிஜமாவே ஆங்கிலப் புத்தகங்களும் கேட்லாக்ல இருக்கு, அதையும் சேர்த்துக் கன்வெர்ட்டர்ல விட்டா நல்லா இருந்த ஆங்கிலம் புரியாத தமிழா ஆயிடும். முதல்ல தமிழ் யூனிகோட் எழுத்து ஒண்ணுகூட இல்லாத ரெக்கார்டா எடுத்தேன், ரெண்டும் கலந்து வந்துச்சு. அப்புறம்தான் பாமினில புள்ளிக்கு செமிகோலன்னு மண்டைல ஏறிச்சு. ஒரு எழுத்துக்கும் இன்னொரு எழுத்துக்கும் நடுவுல இடைவெளியே இல்லாம செமிகோலன் வந்தா அது ஆங்கிலமா இருக்க வாய்ப்பே கம்மி. ஆம்பர்சண்ட்ல ஆரம்பிக்கற எச்டிஎம்எல் குறியீடுகளை மட்டும் முன்னாடியே கழிச்சுட்டா இந்த ஒரு ஃபில்டர் கிட்டத்தட்ட எல்லாத்தையும் பொறுக்கிக் கொடுத்துடுது. தமிழும் ஆங்கிலமும் ஒரே கட்டத்துல கலந்து இருந்ததை மட்டும் கையால பிரிச்சேன், அதுக்கு வேற வழி தெரியல.

காதால கேட்கும்போது கண்ணுக்குச் சிக்காத இன்னொரு வகையும் மாட்டிச்சு. ஔவையார்னு இருக்க வேண்டிய இடத்துல ஒ போட்டு ள போட்டு அடிச்சிருப்பாங்க, பார்க்க ஒரே மாதிரி, குரல் மட்டும் "ஒளவையார்"னு இழுக்கும். கால் (ா) போட வேண்டிய இடத்துல ர. கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறியை ஒரே குறியீடா சேமிக்காம ரெண்டாச் சேமிச்சது. இதெல்லாம் தேடல்லயும் உதைக்கும், "கொடி"ன்னு தேடினா பாதிதான் வரும். கொம்பு, கால் பிரச்சினைக்கு மொத்த டேட்டாவையும் என்எஃப்சி நார்மலைசேஷன்ல (பிரிஞ்ச குறிகளை ஒரே குறியீடாச் சேர்க்கற முறை) விட்டு எடுத்தாச்சு, தேடல் பெட்டில அடிக்கறதையும் அதே மாதிரி. ஒள, ர ரெண்டும் அதுல தீராது, கண்ணுல, இல்ல காதுல, படும்போது திருத்தறதுதான்.

சரி, இப்போ தேடல். பெட்டிக்கு லேபிளே இல்ல, உள்ள மங்கலாத் தெரியற பிளேஸ்ஹோல்டர் மட்டும். ஆக்ஸ் பிளேஸ்ஹோல்டரையே பேரா ஏத்துக்கும், அதனால அதுவும் பாஸ். ஆனா அடிக்க ஆரம்பிச்சதும் பிளேஸ்ஹோல்டர் மறையும், ஞாபகமறதி இருக்கறவங்க, கவனம் சிதறறவங்க, பெரிசு பண்ணிப் பார்க்கறவங்க எல்லாருக்கும் இது எதுக்கான பெட்டின்னு தெரியாமப் போயிடும். மேல லேபிள் வச்சேன், டிசைன் கெட்டுப் போகும்னு ஒரு பேச்சு வந்தது, போகல.

முடிவு எத்தனை வந்திருக்குன்னு சொல்ல லைவ் ரீஜன் வேணும், அதாவது எழுத்து மாறினதும் ஸ்க்ரீன் ரீடர் தானாப் படிக்கற இடம். தேடல் முடிஞ்சதும் "14 புத்தகங்கள்"னு ஒரு டிவ் (எச்டிஎம்எல்ல வெறும் பெட்டி) உருவாக்கி அதுல ஏரியா-லைவ் (ஏரியாங்கறது ஸ்க்ரீன் ரீடருக்குச் சொல்ற ஆட்ரிப்யூட் வகை) போட்டுப் பக்கத்துல சொருகினேன், ஒரு பிரவுசர்ல பேசுது, இன்னொண்ணுல மௌனம். விஷயம் என்னன்னா அந்த டிவ் பக்கம் லோட் ஆகும்போதே காலியா அங்க இருக்கணும், அப்புறம் உள்ள இருக்கற எழுத்து மட்டும் மாறணும், அப்போதான் ஸ்க்ரீன் ரீடர் அதைக் கவனிச்சுக்கிட்டே இருக்கும். அதைச் சரி பண்ணினதும் ஒவ்வொரு எழுத்து அடிக்கும்போதும் எண்ணிக்கையைக் கத்த ஆரம்பிச்சது. அடிக்கறதை நிறுத்தி 1 செகண்ட் கழிச்சு சொல்லுன்னு தள்ளி வச்சதும் அடங்கிச்சு.

முடிவுப் பட்டியல்ல ஒவ்வொரு கார்டும் கிளிக் வச்ச டிவ். டேப் அடிச்சா அதுல நிக்கவே நிக்காது. டிவ்க்கு ரோல் கொடுத்து, டேப்இண்டெக்ஸ் கொடுத்து, என்டருக்கும் ஸ்பேஸுக்கும் தனித்தனியா கோட் எழுதலாம், எழுதியும் இருக்கேன் வேற ப்ராஜெக்ட்ல, ஆனா புத்தகப் பேரை எச்2 தலைப்பா ஆக்கி அதுக்குள்ள ஒரு சாதாரண லிங்க் போட்டா அத்தனையும் சும்மா கிடைக்குது. இப்போ என்விடிஏல எச் தட்டித் தட்டி ஒவ்வொரு புத்தகமாத் தாவலாம். கார்டுக்குக் கீழ இருந்த "மேலும்" லிங்கை எடுத்துட்டேன், லிங்குகளை மட்டும் வரிசையாக் கேட்டா மேலும் மேலும் மேலும்னு இருபது தடவை வந்தது.

அட்டைப் படங்கள்ல ஆல்ட்டுக்கு (படத்துக்குப் பதிலாப் படிக்கற எழுத்து) எல்லாத்துலயும் "படம்"னு இருந்தது. நான் கர்மசிரத்தையா ஒவ்வொண்ணுக்கும் "இன்ன புத்தகத்தின் அட்டைப்படம்"னு டேட்டாபேஸ்லேர்ந்து எடுத்துப் போட்டேன். கேட்டுட்டு அந்த வாசகர் ஃபோன் பண்ணினார்: "தம்பி, புத்தகப் பேரை ஒரு தடவை சொன்னாப் போதும், நமக்குக் காது நல்லாத்தான் கேக்குது." படத்துல ஒரு தடவை, லிங்குல ஒரு தடவை, கீழ முன்பதிவு பட்டன்ல ஒரு தடவை. "சரிங்க சார்"னு பட்டியல்ல ஆல்ட்டைக் காலி மேற்கோளா விட்டேன், காலி ஆல்ட் வேற, ஆல்ட்டே இல்லாம விடறது வேற, விட்டா ஃபைல் பேரைப் படிச்சுத் தொலைக்கும். புத்தகத்தோட தனிப் பக்கத்துல மட்டும் அட்டைல என்ன வரைஞ்சிருக்குன்னு ஒரு வரி.

புத்தகம் இருக்கா இல்லையாங்கறதை ஒரு பச்சைப் புள்ளி, ஒரு சிவப்புப் புள்ளி சொல்லிக்கிட்டு இருந்தது. பக்கத்துல "இருக்கிறது", "வெளியே போயிருக்கிறது"ன்னு எழுத்து வந்தாச்சு, நிறக்குறைபாடு உள்ளவங்களுக்கும் ஆச்சு. எழுத்து நிறம் ஒரு தனிக் கதை. முன்னாடி 777777 சாம்பல் இருந்தது, வெள்ளை மேல அதோட காண்ட்ராஸ்ட் 4.48, தேவை 4.5, அதனால 767676க்கு மாத்தி 4.54ல பாஸ் வாங்கியிருந்தோம். பரீட்சைல 35 எடுத்த மாதிரி. ஆனா எழுத்துருவோட எடை 300, தமிழ்ல சுழியும் கொம்பும் அந்த மெல்லிசுல கரைஞ்சே போயிடுது, கணக்குல பாஸ் ஆனதை வயசானவங்களால படிக்க முடியல. 595959க்குப் போய் 7ஐத் தொட்டாச்சு, எடை 400. எழுத்துரு எடையைப் பத்தி விதி எதுவும் சொல்லாது, அதை நாமதான் பார்த்துக்கணும்.

இப்போ காலண்டர். எந்தத் தேதில வந்து எடுத்துக்கறீங்கன்னு கேட்கற இடம், இங்கதான் அந்த வாசகர் மாட்டிக்கிட்டு நின்னது. ஏதோ ஒரு லைப்ரரி, டேபிள் செல்லுக்குக் கிளிக், கீபோர்டுக்கு ஒண்ணுமில்ல. ஏரியா வழிகாட்டில இருக்கற கிரிட் முறையை எடுத்து முழுசாப் போட்டேன், அம்புக்குறி நாலு பக்கமும், பேஜ் அப் அடிச்சா போன மாசம், ஹோம் அடிச்சா வாரத்தோட முதல் நாள், தேர்வு ஆனதுக்கு ஏரியா-செலக்டட். என்விடிஏல அருமை. டாக்பேக்ல போட்டா ஃபோன்ல ஏது அம்புக்குறி, விரலால ஒவ்வொரு கட்டமா ஸ்வைப், ஆறு வரிசை ஏழு கட்டம், மொத்தம் 42, அதுல கால்வாசிக்கு மேல போன மாசத்துதும் அடுத்த மாசத்துதும். அதைச் சீர் பண்ண உக்காந்தப்போதான் விதியைப் படிச்சேன்: முன்பதிவு அடுத்த 7 நாளுக்கு மட்டும்தான். ஏழு நாளுக்கு எதுக்கு ஒரு மாசக் காலண்டர்? மொத்தத்தையும் அழிச்சிட்டு ஏழு ரேடியோ பட்டன், சுத்தி ஒரு ஃபீல்ட்செட், மேல "எந்த நாளில் வருகிறீர்கள்?"னு லெஜண்ட். கோட் பாதிக்கும் கீழ குறைஞ்சது, பக்கமும் லேசாச்சு. கண்ணு நல்லாத் தெரியறவங்களுமே இதுதான் வசதின்னு சொல்றாங்க.

பாப்அப் உறுதிப்படுத்தல் வரும்போது ஃபோகஸ் (கீபோர்டு இப்போ நிக்கற இடம்) பின்னாடி பக்கத்துலயே கிடந்தது, டேப் அடிச்சா மறைஞ்சிருக்கற லிங்கெல்லாம் படிக்குது. ஃபோகஸைப் பிடிச்சு வைக்கற ஸ்கிரிப்ட்டைத் தூக்கிட்டு எச்டிஎம்எல்லோட டயலாக் எலிமெண்ட்டையே ஷோமோடல்ல திறந்தேன். பின்பக்கம் தானா செயலிழக்குது, எஸ்கேப் அடிச்சா மூடுது, மூடினதும் ஃபோகஸ் பழைய பட்டனுக்கே திரும்புது. வேற எதுவும் எழுதல.

ஓடிபி ஆறு தனித்தனிக் கட்டம். ஒட்டினா முதல் கட்டத்துல ஒரு இலக்கம் மட்டும் நிக்கும், பின்னாடி அழிக்கப் போனா ஃபோகஸ் தாவும், மேல 60 செகண்ட் கடிகாரம் வேற. ஸ்க்ரீன் ரீடர்ல மெசேஜுக்குப் போய் எண்ணைக் கேட்டு மனசுல வச்சுக்கிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிரும், கை நடுக்கம் இருக்கறவங்களுக்கும் அதே. ஒரே கட்டம், எண் கீபோர்டு, ஆட்டோகம்ப்ளீட்டுக்கு ஒன்-டைம்-கோட், ஒட்டலாம், நேரம் 10 நிமிஷம். மூணு செகண்டுல மறையற "பதிவாகிவிட்டது" டோஸ்ட்டுக்குப் பதிலா தனிப் பக்கம், அதோட எச்1லயே ஃபோகஸ்.

கீபோர்டு மட்டும் வச்சு ஓட்டினப்போ தெரிஞ்சது ரெண்டு. ரீசெட் சிஎஸ்எஸ்ல அவுட்லைன் வேண்டாம்னு (நன்) எவரோ எழுதி வச்சிருந்தாங்க, ஃபோகஸ் எங்க இருக்குன்னே தெரியல, அதை எடுத்துட்டு ஃபோகஸ்-விசிபிளுக்கு 3 பிக்சல் கோடு. இன்னொண்ணு, மேல ஒட்டிக்கிட்டே நிக்கற ஹெடருக்கு அடியில ஃபோகஸ் போய் ஒளிஞ்சுக்குது, டபிள்யூசிஏஜி 2.2ல (2023ல வந்தது) இதுக்குன்னே ஒரு விதி புதுசாச் சேர்த்திருக்காங்க. ஸ்க்ரோல்-பேடிங்-டாப்ல ஹெடரோட உயரத்தைக் கொடுத்தேன், தீர்ந்துச்சு. 1280 அகல ஜன்னல்ல 400 சதவீதம் பெரிசாக்கினா 320 பிக்சல் அகலத்துக்குச் சமம், அதுல நீளத் தமிழ்ச் சொல்லெல்லாம் கட்டத்தை உடைச்சுக்கிட்டு வெளிய நீட்டிச்சு, ஓவர்ஃப்ளோ-ராப் போட்டு மடிச்சாச்சு.

ஆப் ஃபிளட்டர்ல (கூகுளோட ஆப் எழுதற டூல்கிட்) எழுதினது. சைட்ல ஏற்கனவே அடிபட்டதால இது சீக்கிரம் நகர்ந்தது. ஐகான் பட்டனுக்கெல்லாம் டூல்டிப் கொடுத்தா டாக்பேக் அதையே பேராப் படிச்சுக்கும். கெஸ்ச்சர் டிடெக்டர் சுத்தின கண்டெய்னரை எல்லாம் நிஜ பட்டனா மாத்தினேன், மாத்த முடியாத இடத்துல செமாண்டிக்ஸ் (ஸ்க்ரீன் ரீடருக்குச் சொல்ற விட்ஜெட்) சுத்தி லேபிள் கொடுத்தேன், கொடுத்ததும் லேபிளும் படிக்குது, உள்ள இருக்கற எழுத்தையும் படிக்குது, எக்ஸ்க்ளூட்செமாண்டிக்ஸை ட்ரூ பண்ணினதும் ஒரு தடவையாச்சு. முன்பதிவை நீக்க இடப்பக்கம் தள்ளணும்னு இருந்தது, அதை வச்சுக்கிட்டே பக்கத்துல ஒரு சாதாரண நீக்கு பட்டனும் சேர்த்தேன், 48க்கு 48 டிபி. தள்ளத் தெரியாமப் பலபேர் நீக்காமலே விட்டிருக்காங்கன்னு அப்புறம்தான் புரிஞ்சது.

ஆப்ல ரொம்பப் படுத்தினது எழுத்தளவு. ஃபோன் செட்டிங்ஸ்ல எழுத்தை 200 சதவீதம் வச்சா பட்டனுக்குள்ள இருக்கற தமிழ் மேலயும் கீழயும் வெட்டுப்படுது. ஆங்கிலத்துல அதே பட்டன் தப்பிச்சுக்குது, தமிழுக்கு மேல கி, கீயோட வளைவும் கீழ கு, கூவோட சுழியும் இருக்கறதால உயரம் அதிகம் வேணும், கூடவே சொல்லும் நீளம், ரெண்டாவது வரிக்கு மடியும். உயரம் 48ன்னு கட்டி வச்ச எல்லா இடத்தையும் தேடி, குறைஞ்சபட்ச உயரம் 48ன்னு மாத்தினேன், அப்புறம் அதுபாட்டுக்கு வளருது. ஃபிளட்டர் டெஸ்ட்லயே தொடும் அளவு, லேபிள், காண்ட்ராஸ்ட் மூணுக்கும் மீட்ஸ்கைட்லைன் சோதனை இருக்கு, அதைச் சேர்த்து வச்சுட்டேன், யாராவது பேரில்லாத பட்டன் போட்டா பில்டு நிக்கும். வெட்டுப்படற எழுத்தை அது பிடிக்காது.

அடுத்த தடவை இதே மாதிரி ஒரு சைட் கைக்கு வந்தா, முதல்ல லாங், அப்புறம் டேட்டா யூனிகோடான்னு ஒரு கேள்வி, அதுக்கப்புறம்தான் ஆக்ஸை ஓட விடுவேன். காலண்டர் மாதிரி எதையாவது சரி பண்ண உக்காரறதுக்கு முன்னாடி அது அங்க தேவையான்னு கேட்பேன். ஒரு ஏரியா ஆட்ரிப்யூட் எழுதக் கை போகும்போதெல்லாம் இதுக்கு ஏற்கனவே ஒரு எச்டிஎம்எல் டேக் இருக்கான்னு தேடுவேன், இந்த சைட்ல பெரும்பாலும் இருந்தது.

ஒரு இடம் இன்னும் அடைபட்டுக் கிடக்கு. பழைய இதழ்களோட பட்டியல் ஸ்கேன் பண்ணின பிடிஎஃப், வெறும் படம், என்விடிஏ காலிப் பக்கம்னு சொல்லிட்டு நகர்ந்துடும். டெசராக்ட்ல தமிழ் ஓசிஆர் (படத்துல தெரியற எழுத்தை நிஜ எழுத்தா மாத்தறது) ஓட்டிப் பார்த்தேன், சுத்தமா அச்சான பக்கம் பரவாயில்ல, பக்கவாட்டுல ரெண்டு பத்தியா ஓடற பக்கத்துல இடது வரியும் வலது வரியும் ஒட்டிக்கிட்டு வருது. பக்கத்தை ரெண்டா வெட்டிட்டு ஓட்டற ஸ்கிரிப்ட் பாதில நிக்குது. அது முடியற வரைக்கும் அந்த லிங்குக்குப் பக்கத்துல "படமாக மட்டும் உள்ளது, இதழ் பெயரைச் சொன்னால் தேடித் தருகிறோம்"னு எழுதி ஒரு ஃபோன் நம்பர் போட்டிருக்கேன், அந்த வாசகர் ஏற்கனவே அதுல கூப்பிட்டு ரெண்டு இதழ் கேட்டாச்சு.